அசதியால் இறந்தவர்கள்

2061ஆம் ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் சிப்பிக்குடியில் பதினேழு பேர் அசதியால் இறந்துபோனார்கள். அரசு ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. மூத்தவருக்கு ஐம்பது வயது, இளையவனுக்கு இருபத்திரண்டு. எல்லோரும் ஊருக்கு வெளியே இருந்த பழைய பேட்டரிகளை உருக்கும் ஆலையில் வேலை பார்த்தவர்கள். இறப்புச் சான்றிதழோடு, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உறங்குவதன் நன்மைகளை விளக்கும் வண்ணத் துண்டறிக்கையும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழங்கப்பட்டது. அதில் கொட்டாவி விடும் பூனையின் படம் இருந்தது.

பதினெட்டாவது ஆளாக லூர்தம்மாள் அரசு மருத்துவமனையின் மூன்றாம் வார்டில் படுத்திருந்தாள். முப்பத்தாறு வயது. நகங்கள் சாம்பல் நிறமாகியிருந்தன. இரண்டு கைகளும் ஓயாமல் ஆடின. தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் முழுக்கப் போர்வைக்குப் போனது. அவளைப் போல இன்னும் ஐந்து பேர் அதே வார்டில் இருந்தார்கள். டாக்டர் மங்கையர்க்கரசிக்கு இதன் வரிசை மனப்பாடம். முதலில் கை ஆடும். பிறகு தூக்கம் போகும். கை ஆடத் தொடங்கிய நாற்பதாம் நாளையொட்டி மூச்சு நிற்கும். லூர்தம்மாளுக்கு அன்று பத்தொன்பதாவது நாள்.

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்க அண்ணாச்சி," என்றாள் மங்கை.

சுடலைமுத்து மருத்துவமனையின் சொல்வாயிலை, நோயின் பெயரை அரசுப் பதிவில் ஏற்றும் இயந்திரத்தை, இயக்குபவர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. அதனால் எந்த இயந்திரத்தின் மீதும் அவருக்கு மரியாதை மிச்சமில்லை. ‘புது உலோகம் உடம்பில் ஏறியதால் நரம்பு நடுக்கம்’ என்று அடித்தார். திரை சற்று யோசித்தது. ‘அசதி’ என்றது.

"கடுமையானதுன்னு சேருங்க."

சேர்த்தார். ‘கடும் அசதி.’

"சாகக் கெடக்கான்னு போட்டா ‘மிகு அசதி’ன்னு வரும் டாக்டர். போன மாசமே போட்டுப் பாத்துட்டேன்."

கட்டிலிலிருந்து லூர்தம்மாள் கேட்டாள்: "அந்த டப்பா எதுக்கு டாக்டரம்மா என்னைய அசதிங்கி? நான் என்ன வெட்டியா படுத்தா கெடந்தேன்?"

"உனக்கு வந்த நோய்க்கு அதுக்குப் பேர் தெரியாது லூர்து. பேர் தெரியாத நோயைச் சொன்னா, தெரிஞ்ச நோயில எது ரொம்பப் பேருக்கு இருக்கோ அதப் போட்டுரும். நம்ம மாநிலத்துல ரொம்பப் பேருக்கு இருக்கது அசதி."

"போட்டா போட்டுட்டுப் போகட்டும். ஊசியப் போட வேண்டியதுதான?"

"ஊசி கிடங்குல இருக்கு. உள்ள ஏறுன உலோகத்தப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வர்ற மருந்து. ஆனா அந்த அலமாரி ஆளுக்குத் திறக்காது, நோயோட பேரக் கேட்டுட்டுத்தான் திறக்கும். அசதின்னா சத்து மாத்திரையத்தான் குடுக்கும்."

லூர்தம்மாள் விடவில்லை. "எங்க ஆலையில யாரக் கேட்டாலும் சொல்லுவாவள்ளா, இது ஆட்டக்கைன்னு. அதச் சொல்லிப் பாத்தீயளா?"

"முதல்ல அதத்தான் போட்டேன்," என்றார் சுடலைமுத்து. "ஏதாவது நடன நிகழ்ச்சியான்னு கேட்டுச்சு."

சொல்வாயில் கெட்ட நோக்கத்தோடு பிறந்ததல்ல. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, காதில் விட வேண்டிய மருந்தை ஒரு தாய் குழந்தையின் வாயில் ஊற்றினாள். புட்டியில் எல்லாமே ஆங்கிலத்தில் இருந்தது. குழந்தை இறந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ‘என் உடம்பைப் பற்றி என்னிடம் என் மொழியில் சொல்’ என்பது முழக்கம். அதைப் பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று, தொண்டை கட்டும்வரை கத்தியவர்களில் இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவி மங்கையர்க்கரசியும் ஒருத்தி. போராட்டம் வென்றது. மருத்துவம், மண் பரிசோதனை, வானிலை என்று எல்லாம் தமிழுக்கு வந்தன. அவற்றையெல்லாம் ஒரே சீராகச் சொல்ல சொல்வாயில் வந்தது. ஆறேழு ஆண்டுகள் உண்மையாகவே நன்றாக இருந்தது. நோயாளிகள் தங்கள் ரத்தப் பரிசோதனையைத் தாங்களே படித்துவிட்டு டாக்டரோடு சண்டைக்கு வந்தார்கள். மங்கைக்கு அந்தச் சண்டைகள் பிடித்திருந்தன.

பிறகு சொற்களைக் காக்க ஒரு பேரவை அமைத்தார்கள். காவலுக்கு இருபத்தொரு அறிஞர்கள் வந்தார்கள். அறிஞர்களுக்கு நாற்காலி வந்தது, நாற்காலிகளுக்குப் பட்டம் வந்தது, பட்டங்களுக்கு இடையே வரிசை வந்தது. ஒருமுறை ஒரு காய்ச்சலின் பெயருக்கு வாக்கெடுப்பு நடத்தி, பேரவை இரண்டாகப் பிளந்து, ஒரே காய்ச்சலுக்கு இரண்டு பெயர் புழங்கி, பாதி மாவட்டங்களுக்கு ஒரு மருந்தும் மீதிக்கு வேறொரு மருந்தும் போனது. அதிலிருந்து விதி: எந்தச் சொல்லும் ஒருமனதாகத்தான் ஏற்கப்படும். இருபத்தொரு பேரில் ஒருவருக்குத் தலைவலி என்றாலும் அந்த மாதம் நாட்டில் புதுப் பொருள் எதுவும் தோன்றாது. ஒப்புதலுக்காக வரிசையில் நின்ற சொற்கள் ஆறாயிரத்துச் சொச்சம். இந்த நோய்க்குப் பெயர் கேட்ட மங்கையின் விண்ணப்பம் கடைசியில் நின்றது.

அவள் வேறு வழியையும் முயன்று பார்த்திருந்தாள். பதினேழு மரணங்களையும் ஒரு கட்டுரையாக்கி, வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் அனுப்பினாள். நான்கே நாளில் பண்பான பதில் வந்தது. தங்கள் மாநிலத்தின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் இவற்றை அசதி என்று குறிப்பிடுவதால் கட்டுரையை ஏற்பதற்கில்லை. தவிர, அடுத்த முறை அனுப்பும்போது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டித் திருத்தி அனுப்பினால் நலம்.

இருபத்திரண்டாம் நாள் மங்கை சென்னைக்குப் போனாள். பேரவையின் மாதக் கூட்டத்தில் அவளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நடுவே தலைவர், சொற்கொண்டல் ஆடலரசன், உருக்கமான குரலும் அதற்கேற்ற உடம்பும் கொண்டவர். அவருக்கு வலப்பக்கம் கலைச்சொற்கோமான் பெருநற்கிள்ளி. இருவரும் ஒருவருக்கொருவர் தலைவணங்கும்போது யார் முதலில் நிமிர்வது என்பதில் சிறு போட்டி நடந்தது.

மங்கை ஆறு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். ஆலை உருக்கும் உலோகம் புதியது. அதன் தூசி உடம்பில் ஏறுகிறது. பதினேழு பேர் செத்துவிட்டார்கள், ஆறு பேர் வார்டில் இருக்கிறார்கள், முந்நூறு பேர் இன்னும் உள்ளே வேலை செய்கிறார்கள். மருந்து இருக்கிறது, பெயர் இல்லை. தொழிலாளர்கள் இதை ஆட்டக்கை என்கிறார்கள். அதையே ஏற்றுக்கொண்டால் இன்று மாலைக்குள் ஊசி போட்டுவிடலாம்.

ஆடலரசன் கண்களை மூடி அந்தச் சொல்லைச் சுவைத்துப் பார்த்தார்.

"ஆட்டக்கை," என்றார். "இந்தச் சொல்லுக்கு இலக்கியச் சான்று உண்டா அம்மா?"

"ஆலை வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது ஐயா. சங்க காலத்துல யாரும் பேட்டரி உருக்கலை."

யாரோ ஒருவர் சிரித்தார். சுருக்கெழுத்தர் ‘அவையில் நகைப்பு’ என்று குறித்துக்கொண்டார். பெருநற்கிள்ளி சிரிக்கவில்லை.

"உருக்கவில்லை என்று தங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அடுத்த நாற்பது நிமிடங்கள் மங்கை பேச வேண்டியிருக்கவில்லை. இது நோயா, பிணியா, கோளாறா என்பது முதலில் தீர வேண்டும் என்றார் ஒருவர். தொழிலாளர் வாயில் வருவதெல்லாம் அறிவியலாகிவிட்டால் அவைக்கு என்ன வேலை என்றார் இன்னொருவர். இந்தக் கேள்வி எல்லோரையும் கொஞ்சம் கலவரப்படுத்தியது. வடை வந்தது. வடைக்குப் பிறகு, கையைச் சொல்லிவிட்டு நரம்பைச் சொல்லாமல் விடுவது நரம்புக்கு இழைக்கும் அநீதி என்று கோமான் கருதினார்.

"ஐயா," என்றாள் மங்கை, "அவளுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு."

ஆடலரசன் எழுந்தார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. கடலோரச் சிற்றூரிலிருந்து தமிழுக்காக இவ்வளவு தூரம் வந்த மகளை இந்த அவை வெறுங்கையோடு அனுப்பாது என்றார். உதவியாளர் தட்டோடு வந்தார். பொன்னாடை. சொற்கொண்டல் போர்த்தினார், கோமான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், புகைப்படக்காரர் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். பேரவையின் மரபுப்படி, ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தியாகிவிட்டால் அவர் கொண்டுவந்த பொருள் இனிதே நிறைவுற்றதாகக் கொள்ளப்படும். அது மங்கைக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியபோது, அவை அடுத்த பொருளுக்குப் போயிருந்தது. அவளுடைய விண்ணப்பத்தின் மேல் ‘மக்கள் கருத்துக்காகத் தொண்ணூறு நாள்’ என்று முத்திரை குத்தப்பட்டிருந்தது.

வாசலில் ஆடலரசனை மறித்து, "தொண்ணூறு நாள் அவ இருக்க மாட்டா ஐயா," என்றாள்.

அவர் அவள் தலையில் கை வைத்தார். "ஆள் நிற்பதில்லையம்மா. சொல் நிற்கும். நாம் அவசரப்பட்டு ஒரு குறையுள்ள சொல்லைப் போட்டுவிட்டால், நாளை அவளைப் போன்றவர்களுக்கு யார் பதில் சொல்வது?"

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

மங்கை திரும்பி வந்தபோது லூர்தம்மாளுக்கு முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டியது. தாடையும் ஆடத் தொடங்கியிருந்தது.

"போன காரியம் என்னாச்சு டாக்டரம்மா? என்ன கொண்டாந்தீய?"

"பொன்னாடை."

"காட்டுங்க." லூர்தம்மாள் ஜரிகையைப் பார்த்தாள். "நல்ல கனமாத்தான் இருக்கு. போத்தி விடுங்க, குளிருது."

மங்கை போர்த்திவிட்டாள். சுடலைமுத்து கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளை நடைபாதைக்குக் கூப்பிட்டார்.

"டாக்டர், நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. ஈய நஞ்சுன்னு ஒரு பேரு உள்ள கெடக்கு. பழைய பேரு, எல்லாருமா ஒத்துக்கிட்ட பேரு. அதுக்கும் இதே ஊசிதான."

"அந்த ஆலையில ஈயம் கிடையாது அண்ணாச்சி."

"அது அலமாரிக்குத் தெரியாதுல்லா."

"அலமாரிக்குத் தெரியாது. ஆலைக்காரனுக்குத் தெரியும்ல. நாளைக்கு வந்து, பாருங்க எங்கிட்ட ஈயம் பொட்டுக்கூட இல்லன்னு நிரூபிச்சிட்டுப் போயிடுவான். அப்புறம் செத்த பதினேழு பேருக்கும் ஆலைக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆயிடும். உள்ள முந்நூறு பேரு இருக்காங்க. நான் ஒரு தடவை பொய் சொல்லிட்டா, அப்புறம் உண்மையச் சொன்னாலும் எவன் கேப்பான்?"

"அது நாளைக்கி," என்றார் சுடலைமுத்து. "இவ இன்னைக்கி."

மங்கை வார்டுக்குள் போனாள். லூர்தம்மாளிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள், என்ன கிடைக்கும், என்ன போகும் என்று. லூர்தம்மாள் இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"என்ன பேரு வேணும்னாலும் போடுங்க டாக்டரம்மா," என்றாள். "பேரு வழியாவா நான் மூச்சு விடுதேன்?"

மங்கை தானே உட்கார்ந்து அடித்தாள். ‘ஈய நஞ்சு.’ திரை பச்சையானது. வார்டில் இருந்த ஆறு பேருக்கும் அதையே அடித்தாள். ஆறு முறையும் பச்சை. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று சொல்வாயில் கேட்கவே இல்லை. அது சொல்லைச் சரிபார்க்கும், சொன்னது உண்மையா என்று பார்க்கும் வேலை அதற்குத் தரப்படவில்லை. ஏற்கப்பட்ட சொல்லில் சொன்ன எதையும் அது சந்தேகித்ததில்லை.

இரண்டு மணி நேரத்தில் மருந்து வந்தது.

ஊசி போட்ட ஒன்பதாம் நாள் லூர்தம்மாள் தலையணை இல்லாமல் படுத்தாள். பதினான்காம் நாள் ஒரு தம்ளர் காப்பியை, இரண்டு கையாலும் பிடித்து, பாதி சிந்தாமல் குடித்தாள். கை ஆடத் தொடங்கிய நாற்பதாம் நாளும் வந்தது, போனது. ஆறு பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. சுடலைமுத்து வார்டுக்கு அல்வா வாங்கிவந்தார்.

ஈயம் என்ற சொல்லுக்கு அரசில் மரியாதை இருந்தது. பதினேழு அசதிகளுக்கு அசையாத அரசு, ஆறு ஈயங்களுக்கு மூன்று வண்டிகளில் வந்து இறங்கியது. ஆய்வாளர்கள் ஆலையின் தரையைச் சுரண்டினார்கள், புகைபோக்கியில் ஏறினார்கள், கழிவுநீரைப் புட்டிகளில் பிடித்தார்கள். ஈயத்தைத் தேடினார்கள், ஈயத்தை மட்டும் தேடினார்கள். ஈயம் இல்லை. நேர்மையான ஆய்வு, அறிக்கையில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. ஆலைக்கு ‘ஈயமற்ற தூய தொழிலகம்’ என்ற சான்றிதழ் கிடைத்தது. அதைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து இன்னும் நூறு பேர் நம்பிக்கையோடு வேலைக்குச் சேர்ந்தார்கள்.

மங்கையை விசாரித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள்.

"ஈயம் இல்லை என்று தெரிந்தே ஈயம் என்று பதிவு செய்தீர்களா?"

"தெரிஞ்சேதான்."

"அப்படியானால் அவர்களுக்கு இருந்த நோய் எது?"

மங்கை சொன்னாள். சொல்வாயிலோடு இணைத்திருந்த சுருக்கெழுத்து இயந்திரம் அதைக் கேட்டு ‘அசதி’ என்று பதிந்தது. மூவரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். அவளைப் பணியிலிருந்து நீக்கி, நோயாளிகளின் பதிவேட்டைத் தொடத் தடை விதித்தார்கள். ஆறு பேரின் பதிவிலிருந்தும் ஈயத்தை அழித்தார்கள். அங்கே வேறொன்றையும் எழுத முடியவில்லை. ‘நலம்’ என்று போட்டார்கள்.

லூர்தம்மாள் மீண்டும் ஆலைக்குப் போகத் தொடங்கியதை மங்கை கேள்விப்பட்டு அவள் வீட்டுக்குப் போனாள். லூர்தம்மாள் சீருடையின் பொத்தானைப் போட முடியாமல் போராடிக்கொண்டிருந்தாள். மங்கை போட்டுவிட்டாள்.

"போகாத லூர்து."

"வேற எங்க போவ? உப்பளம் பூராத்தையும் ஆலைக்காரந்தான வாங்கிப் போட்டிருக்கான். சம்பாத்தியத்துக்கு இங்கன வேற என்ன இருக்கு?" பிறகு சமாதானமாகச் சொன்னாள்: "மூக்கக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கேன். பேருக்கு எழுதிப் போட்டிருக்கீயள்லா, அது வந்துட்டுன்னா எல்லாம் சரியாப் போகும். அதுவரைக்கும் நான் தாங்குவேன்."

பெயர் வந்தது. தொண்ணூற்று நான்காம் நாள், ஒருமனதாக. ‘தாதுநரம்பதிர்ச்சி.’ ஆடலரசன் தன் கையால் கடிதம் எழுதியிருந்தார். இந்த ஒரு சொல்லுக்காக அவை நான்கு முறை கூடியதாகவும், இறுதியில் கோமானே கண்கலங்கியதாகவும், நரம்புக்கு நீதி கிடைத்துவிட்டதாகவும் அதில் இருந்தது. பேரவையின் சொற்களஞ்சியத்தில் அச்சான பக்கத்தையும் இணைத்திருந்தார். மங்கை முதலில் சொல்லைப் படித்தாள். விளக்கத்தைப் படித்தாள், அவள் ஆறு நிமிடத்தில் சொன்னதெல்லாம் அழகான தமிழில், ஒரு பிழையில்லாமல் இருந்தது. அடியில் எடுத்துக்காட்டு வாக்கியம். களஞ்சியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் உண்டு. அது உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக அரசுப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட்டுத்தான் அச்சிடுவார்கள்.

‘தாதுநரம்பதிர்ச்சி நம் மாநிலத்தில் இதுவரை எவருக்கும் ஏற்பட்டதில்லை.’

மங்கை அந்த வாக்கியத்தை மறுபடியும் படித்தாள். சொல்வாயில் சொற்களை எங்கிருந்து கற்கிறது என்பது அவளுக்குத் தெரியும். களஞ்சியத்திலிருந்து, எடுத்துக்காட்டுகளோடு சேர்த்து.

ஐந்து வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, சுடலைமுத்து போன் செய்தார். அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை.

"டாக்டர், லூர்தம்மா திரும்ப வந்திருக்கா. மூச்சு போன தடவையவிட மோசமா இருக்கு. புது டாக்டர் நல்ல புள்ள, நீங்க கேட்டு வாங்குன பேர்லயே அடிச்சுப் பாத்துச்சு, அந்தப் புதுப் பேர்ல. இந்த நோய் நம்ம மாநிலத்துல இல்லைங்கி மிஷினு."

"ஈயம் போடுங்க அண்ணாச்சி."

"போட்டோம். நோயாளி வேலை செய்யுற எடம் ஈயமில்லாத எடம்னு சான்றிதழக் காட்டுது. விசாரணைக்குப் பெறகு அதுலயும் பூட்டு விழுந்துட்டு."

"திரையில வேற ஏதாவது வருதா?" என்றாள் மங்கை.

"கீழ ஒரு வரி போட்டிருக்கு," என்றார் சுடலைமுத்து. "வேறு நோயைத் தேர்ந்தெடுக்கவும்னு. பெரிய பட்டியல் ஒண்ணு வந்து நிக்கி. நான் என்னத்தத் தேர்ந்தெடுக்க டாக்டர்? நீங்களே சொல்லுங்க."

போனில் வார்டின் சத்தம் கேட்டது, கட்டில் இரும்பு ஒன்று சுவரில் மோதி மோதி அதிரும் சத்தம். அதற்குப் பின்னாலிருந்து லூர்தம்மாளின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு பிடித்தது.

"உள்ளதுல... நல்லதா ஒண்ணு... பாருங்க அண்ணாச்சி."